நாள் எண்ணியோரும் நெறி கண்டோரும்

வேதாகமத்தில் எளிதில் விளங்கும் பகுதிகள் பல உள. கெட்ட குமாரன் கதையைக் கேட்கும் சிறுவனுக்கும் உரையாசிரியன் வேண்டியதில்லை. ஆயின் தானியேலின் நூலைக் கற்கப் புகுந்தவன் ஏழாம் அதிகாரத்தை அடைந்ததும் திகைத்து நிற்கிறான். கொந்தளிக்கும் கடலிலிருந்து நான்கு விலங்குகள் எழுகின்றன. நான்காவதற்குப் பத்துக் கொம்புகள். அடுத்த அதிகாரத்தில் ஆட்டுக்கடா ஒன்றும் வெள்ளாட்டுக்கடா ஒன்றும் பொருகின்றன. பின்னர் எண்கள் வருகின்றன: 2300 மாலையும் காலையும், 70 வாரங்கள், 1290 நாட்கள், 1335 நாட்கள். இவை எவற்றைக் குறிப்பன? இவற்றால் இன்று வாழும் ஒருவனது உள்ளத்துக்கு யாது பயன்? முதல் வினாவுக்கு விடை தேடியோர் பலர். இரண்டாம் வினாவுக்கு விடை கண்டோர் சிலரே. அவ்விரு சாராரின் வரலாறும் ஒருங்கே நோக்கத்தக்கது.

தானியேலின் நூல், எபிரேய வேதத்தில் உள்ளவாறு, பன்னிரண்டு அதிகாரங்களைக் கொண்டது. அதன் ஒரு பகுதி எபிரேய மொழியிலும் ஒரு பகுதி அரமேய மொழியிலும் அமைந்துள்ளது. முதல் ஆறு அதிகாரங்கள் கதைகள். பின் ஆறும் தரிசனங்கள். பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றி யூதரைச் சிறைகொண்டு சென்றதும், கி.மு. 539 இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்றதும் இந்நூலின் களமாகும். கிறிஸ்தவர்கள் இதனைப் பெருந் தீர்க்கதரிசிகளின் நூல்களோடு வைத்தெண்ணுவர். யூதரோ இதனைத் தீர்க்கதரிசிகளின் வரிசையில் வைக்காது, சங்கீதம், யோபு முதலியன அடங்கிய ஏனைய எழுத்துக்களின் வரிசையில் வைத்தனர்.

தரிசனங்களுட் சிலவற்றுக்கு நூலே பொருள் கூறுகிறது. ஆட்டுக்கடா மேதிய பாரசீக அரசு. வெள்ளாட்டுக்கடா கிரேக்க அரசு. அதன் பெருங்கொம்பு முறிந்து நான்கு கொம்புகள் முளைத்தமை, கி.மு. 323 இல் அலெக்சாந்தர் இறந்தபின் அவனது பேரரசு சிதறியமையைக் குறிக்கும் என்பர். அந்நான்கனுள் ஒன்றிலிருந்து முளைத்த சின்னக் கொம்பு, கி.மு. 175 இல் சீரியாவில் அரசுகட்டில் ஏறிய நான்காம் அந்தியோக்கு என்பது பெரும்பாலார் கொள்கை. இம்மன்னன் கி.மு. 167 இல் யூதரின் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தான். எருசலேம் தேவாலயத்திற் கிரேக்கத் தெய்வ வழிபாட்டைப் புகுத்தினான். வேதச் சுருள்கள் கிழிக்கப்பட்டு எரியூட்டப்பட்டன. அவற்றை வைத்திருந்தோர் கொல்லப்பட்டனர். மூன்று ஆண்டுகளின் பின், கி.மு. 164 இல், யூதாஸ் மக்கபே என்னும் வீரனின் தலைமையில் ஆலயம் மீட்கப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டது. யூதர் இன்றும் கொண்டாடும் அனுக்கா என்னும் விளக்குத் திருவிழா அந்நாளின் நினைவாகும்.

நூல் எப்பொழுது எழுதப்பட்டது என்பது பற்றிப் பழங்காலத்திலேயே வழக்கு எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்பிரி என்னும் தத்துவஞானி, இது தானியேலின் காலத்ததன்று, அந்தியோக்கின் காலத்தது என வாதிட்டான். புனித ஜெரோம் 407 ஆம் ஆண்டளவில் எழுதிய உரையில் அவனை மறுத்தார். போர்பிரியின் நூல் 448 இல் உரோமப் பேரரசரின் ஆணையால் எரிக்கப்பட்டது. இன்று அவ்வாதத்தை நாம் அறிவது பெரும்பாலும் அதனை மறுத்த ஜெரோமின் உரையிலிருந்தேயாகும். இக்கால ஆய்வாளரிற் பெரும்பாலார் தரிசனங்களின் காலம் பற்றிப் போர்பிரியின் முடிபை ஏற்பர். மரபுவழி நிற்போர் ஏற்கார். சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் 1947 முதற் கிடைத்த சுருள்களில் இந்நூலின் எட்டுப் பிரதிகள் இருந்தன என்பதிலிருந்து, அக்காலத்து மக்கள் இதனை எத்துணை ஆர்வத்தோடு கற்றனர் என்பது புலனாகும்.

காலவழக்கு எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு. வேதத்தை ஒளித்து வைத்துக் கற்க வேண்டியிருந்த மக்களுக்கு இந்நூலின் எண்கள் விடுகதையாக இருக்கவில்லை, ஆறுதலாக இருந்தன. கொடுங்கோலனின் நாட்கள் எண்ணப்பட்டுள்ளன, ஆகவே அவற்றுக்கு முடிவும் உண்டு என்பதே அவ்வெண்கள் அவர்களுக்கு உரைத்த செய்தி. மக்கபேயர் முதல் நூல் இதற்குச் சான்று தருகிறது. யூதாசின் தந்தையாகிய மத்தத்தியா இறக்குந் தறுவாயில் தன் மைந்தரை அழைத்து, முன்னோரின் செயல்களை நினைவூட்டுகிறான். அப்போது, நெருப்பிலிருந்து காக்கப்பட்ட மூன்று இளைஞரையும், சிங்கங்களின் வாயிலிருந்து விடுவிக்கப்பட்ட தானியேலையும் குறிப்பிடுகிறான். கொம்புகளைப் பற்றி அவன் பேசவில்லை; நாட்கணக்கும் கூறவில்லை. உயிர் ஊசலாடிய வேளையில் அவன் தன் மக்களுக்கு விட்டுச்சென்ற செல்வம் அந்நால்வரின் ஒழுக்கமே.

துன்பக்காலம் நீங்கியபின் எண்களே முன்னின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் உலகமுடிவின் ஆண்டைக் கணிப்போர் தோன்றினர். ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் அத்தகையோரை நோக்கி, அந்நாளை அறிதல் மனிதருக்குரியதன்று எனக் கிறிஸ்து உரைத்ததை நினைவூட்டி, எண்ணும் விரல்களைத் தளர்த்தி ஓய்வு கொடுக்குமாறு கூறினார். விரல்கள் ஓயவில்லை.

புவியீர்ப்பு விதியைக் கண்ட ஐசாக் நியூற்றனும் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நூல்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு, அவர் மறைந்து ஆறாண்டுகளின் பின் 1733 இல் வெளிவந்தது. தீர்க்கதரிசனங்கள் மனிதனின் எதிர்கால ஆவலைத் தீர்ப்பதற்காக அருளப்பட்டவையல்ல, அவை நிறைவேறிய பின்னரே இறைவனின் ஆட்சியைப் புலப்படுத்துவன என்று அதில் அவர் வரையறுத்தார். அவரது கையெழுத்துத் தாள் ஒன்றில் 2060 என்னும் ஆண்டு காணப்படுகிறது. உலகமுடிவு அதற்கு முன் வருவதற்கு நியாயம் இல்லை என்றே அவர் குறித்தார். முடிவுகாலத்தை நாளும் அறிவித்துப் பொய்த்துப்போகச் செய்து வேதத்துக்கு இழிவு தேடுவோரின் வாயை அடைப்பதே அக்கணக்கின் நோக்கம் என்பதும் அவர் எழுத்திலிருந்தே தெரிகிறது.

அந்த எச்சரிக்கையின் பொருளை உலகம் கண்டது 1844 ஆம் ஆண்டில், அமெரிக்காவில். வில்லியம் மில்லர் என்பவர் 1782 இற் பிறந்து, நியூயோர்க் மாநிலத்தின் எல்லைப்புறக் கிராமம் ஒன்றில் வளர்ந்த கமக்காரர். உயர்கல்வி பெறாதவர், ஆயினும் நூல்களிற் பெருவேட்கை உடையவர். இளமையில், உலகைப் படைத்த கடவுள் அதன்பின் மனிதர் காரியத்தில் தலையிடுவதில்லை என்னும் கொள்கையைப் பற்றி நின்றார். 1814 செப்டெம்பரில் பிளாற்ஸ்பேர்க் என்னும் இடத்திற் பிரித்தானியப் படைக்கு எதிராகப் போரிட்டார். தொகையிற் சிறிய அமெரிக்கப் படை வென்றது அவரது உள்ளத்தை அசைத்தது. 1816 இல் மீண்டும் கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்பினார். பின்னர் வேதாகமத்தையும் சொல்லடைவு நூல் ஒன்றையும் மாத்திரம் துணைக்கொண்டு, ஆதியாகமம் முதல் ஒவ்வொரு வசனமாகக் கற்றார்.

தானியேல் எட்டாம் அதிகாரத்தில், 2300 நாட்களின் பின் பரிசுத்தஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்னும் கருத்து வருகிறது. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொள்ளும் பழைய முறையை மில்லர் பின்பற்றினார். பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேம் பற்றிக் கட்டளை பிறப்பித்த கி.மு. 457 ஐத் தொடக்கமாக வைத்தார். 2300 இலிருந்து 457 ஐக் கழிக்க 1843 எஞ்சியது. பரிசுத்தஸ்தலம் என்பது இவ்வுலகம், சுத்திகரிப்பு என்பது கிறிஸ்துவின் மறுவருகை என அவர் பொருள்கொண்டார்.

இம்முடிபை 1818 இல் அடைந்த மில்லர், அதனைப் பதின்மூன்று ஆண்டுகள் பொதுமேடையிற் பேசவில்லை. 1831 ஓகஸ்டில் ஒருநாள், எவரேனும் அழைத்தாற் சென்று கூறுவேன் எனக் கடவுளுக்கு வாக்களித்தார். எவரும் அழையார் என்பதே அவரது எண்ணம். அரைமணி நேரம் கழியுமுன் மருகன் ஒருவன் அயலூரிலிருந்து அழைப்போடு வாயிலில் நின்றான். மில்லர் மறுமொழி கூறாது வெளியேறி, அருகிலிருந்த மரச்சோலைக்குட் சென்று தம்முள் நெடிது போராடிய பின்னரே இசைந்தார். புகழ் வேட்டையாடிய ஒருவரின் செயலன்று இது. அவரது பிழையை ஆராயும்போது அவரது நேர்மையை மறத்தல் ஆகாது.

1840 முதல் பொஸ்டன் நகரப் போதகர் ஜோசுவா ஹைம்ஸ் பத்திரிகைகள் வாயிலாக அச்செய்தியைப் பரப்பினார். விலங்குகளும் எண்களும் தீட்டிய விளக்கப்படங்கள் கூட்டங்களில் தொங்கவிடப்பட்டன. ஐம்பதினாயிரம் முதல் ஒரு இலட்சம் வரையான மக்கள் நம்பினர் என மதிப்பிடுவர். 1843 மார்ச் முதல் 1844 மார்ச் வரை என வகுத்த எல்லை கடந்தது, ஒன்றும் நிகழவில்லை. கி.மு. 1 இற்கும் கி.பி. 1 இற்கும் இடையே சூனிய ஆண்டு இல்லை என்பது கணக்கிற் சேர்க்கப்பட்டது. 1844 ஓகஸ்டில் சாமுவேல் ஸ்நோ என்பவர், யூதரின் பாவநிவாரண நாளை ஆதாரமாகக் கொண்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 22 என ஒரே நாளைக் குறித்தார். இச்செய்தி காட்டுத்தீப் போலப் பரவியது. நாள் குறிப்பதற்கு நெடிது தயங்கிய மில்லரும் ஒக்டோபர் தொடக்கத்தில் இணங்கினார்.

கமக்காரர் சிலர் விளைந்த உருளைக்கிழங்கை அகழாது நிலத்தில் விட்டனர். வணிகர் சிலர் கடைகளை மூடினர். கடன்கள் தீர்க்கப்பட்டன, பகைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டனர். நம்பியோர் வெள்ளை அங்கி தரித்து மேடுகளில் ஏறி நின்றனர் என்னும் கதைக்குத் தக்க சான்று இல்லை; அது ஏளனம் செய்தோர் பரப்பியது. ஒக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. கதிரவன் மறைந்தது, நள்ளிரவு கடந்தது. விடியும்வரை அழுதோம் என்று அவர்களுள் ஒருவர் பின்னர் எழுதிவைத்தார். மறுநாள் தெருவில் அவர்களை எதிர்கொண்டது நகைப்பு. சில இடங்களில் அவர்களது கூட்ட மண்டபங்கள் தாக்கப்பட்டன. சிலர் விசுவாசத்தையே கைவிட்டனர். வேறு சிலர் தம் நம்பிக்கைக்குப் புது விளக்கம் கண்டனர். அவர்களிடமிருந்து பின்னாளிற் சபைகள் சில தோன்றின.

மில்லர் தமது காலக்கணிப்பிற் பிழை நேர்ந்ததை 1845 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். ஆயின் அதற்கு முன்பே, ஏமாற்றம் நேர்ந்து மூன்று வாரங்கள் கழியுமுன், நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் உரைத்த கருத்தே பெரிது. இனித் தாம் குறித்திருக்கும் நாள் இன்றே, கிறிஸ்து வரும்வரை ஒவ்வொரு நாளும் இன்றே என அதில் அவர் தெரிவித்தார். பின்னர் அவரது கண்ணொளி மங்கியது. நம்பிக்கை மங்காமல் 1849 டிசெம்பரில் அவர் மறைந்தார். கால் நூற்றாண்டுக்கு மேலாக எண்ணோடு மல்லாடியவர் இறுதியில் அடைந்த இடம், எண் இல்லாமலே அடையக்கூடிய இடமாக இருந்தது.

அந்த இடத்துக்கு வழி தானியேலின் நூலிலேயே காட்டப்பட்டுள்ளது. ஒன்பதாம் அதிகாரத்தில் தானியேலே கடினமான தீர்க்கதரிசனம் ஒன்றைக் கற்கும் மாணவனாகக் காட்சியளிக்கிறான். எரேமியா முன்னுரைத்த 70 ஆண்டுச் சிறையிருப்பைப் பற்றி அவன் நூல்களில் வாசிக்கிறான். வாசித்தவன் விடுதலை நாளைப் பறைசாற்றப் புறப்படவில்லை. இரட்டு உடுத்துச் சாம்பலில் அமர்ந்து உபவாசிக்கிறான். தன் மக்கள் பாவம் செய்தனர் என்று சொல்லாது, நாங்கள் பாவம் செய்தோம் என்று தன்னையும் உட்படுத்தி அறிக்கையிடுகிறான். எரேமியாவும் அந்த 70 ஆண்டுகளைக் குறிப்பிட்டு எழுதிய நிருபத்தில், சிறைப்பட்டோர் வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், தாம் வாழும் நகரின் சமாதானத்தைத் தேடவும் வேண்டும் என்றே பணித்திருந்தார். எதிர்காலம் பற்றிய வாக்கு இருவரையும் நிகழ்காலக் கடமைக்கே திருப்பியது.

சூளையின் முன் நின்ற மூன்று இளைஞரின் மறுமொழியும் இத்தகையதே. தம் கடவுள் தம்மைக் காக்க வல்லவர், காவாது விடினும் பொற்சிலையை வணங்கோம் என்றனர். முடிவு இன்னதென்று அறிந்து அவர்கள் உறுதி கொள்ளவில்லை. அறியாமலே உறுதி கொண்டனர். அந்தியோக்கின் கொடுமைக்கு அஞ்சாது உயிர் துறந்த யூதருக்கும் அவ்வாறே முடிவு தெரிந்திருக்கவில்லை.

எட்டாம் அதிகாரத்தின் இறுதியில், 2300 என்னும் எண் வரும் அதே தரிசனத்தின் முடிவில், ஒரு சிறு செய்தி உளது. கணிப்போர் அதில் தங்குவதில்லை. தரிசனத்தைக் கண்ட தானியேல் சோர்ந்து சில நாட்கள் நோயுற்றுக் கிடந்தான், பின் எழுந்து அரசனின் அலுவலைப் பார்த்தான், தரிசனமோ விளங்கவில்லை. நூலின் கடைசி அதிகாரத்திலும் அவ்வாறே: கேட்டும் விளங்காத அவன் பொருள் வினவுகிறான்; அவனுக்குக் கிடைக்கும் விடை, உன் வழியே போ என்பதாகவே அமைகிறது. கண்டவனுக்கே முழுதும் விளங்காத ஒன்றைப் பின்வந்தோர் நாளும் கிழமையுமாக வகுக்க முற்பட்டனர். அவனோ விளங்காமையைச் சுமந்துகொண்டு எழுந்தான். அன்று அவனுக்குரிய வேலை அரண்மனையிற் காத்திருந்தது, அதனைச் செய்தான். கடினமான தீர்க்கதரிசனத்தைத் திறந்து வைத்துத் திகைத்திருக்கும் எவரும் அவனிடமிருந்து கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் அது.