கம்பிவழிச் செய்திக்குச் சான்று எது?

சிங்கப்பூர் பினாங்கு வழியாகச் சென்னையோடு கடலடித் தந்தியால் இணைந்தது 1871ஆம் ஆண்டில். நெடுந்தொலைவுக் கடற்கம்பியில் வரும் குறிகள் மிக மெலிந்தவை. அவற்றைக் காணப் பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், ஆடி பொருத்திய மின்னளவி ஒன்றை 1858இல் அமைத்திருந்தார. அதில் ஓர் ஒளிப்புள்ளி இடமும் வலமும் அசையும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொள்வார். செய்தி பிழைபட்டால் குற்றம் யாருடையது? அனுப்பியவருடையதா, கண்டவருடையதா, எழுதியவருடையதா? ஒளி மறைந்தபின் சான்று ஏது?

தாம்சன் 1867இல் காப்புரிமை பெற்ற மற்றொரு கருவி இக்குறையைப் போக்கிற்று. நுண்ணிய கண்ணாடிக் குழாய் ஒன்று, ஓடும் தாள்நாடாவில் மையைச் சிந்தி, வந்த குறிகளை அலைகோடாக வரைந்தது. ஐயம் எழுந்தால் நாடாவை எடுத்துப் பார்க்கலாம்.

கணினியின் 'சீரியல் போர்ட்' என்னும் தொடர்வாயில் அத்தந்தியின் வழித்தோன்றலே. அதுவும் குறிகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக விடுப்பது. அதன் வேக அளவான 'பாட்', பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் அமைந்தது. அமெரிக்காவில் 1960இல் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ்.-232 நெறி இதற்கு இலக்கணமாயிற்று. எட்டுப் பிட்டோடு தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர, 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் பாயும். எந்தக் கண் இதைத் தொடரும்?

இங்கேதான் கண்காணிப்பு மென்பொருள் வருகிறது. மார்க் ருசினோவிச் எழுதிய 'போர்ட்மான்' அவ்வகையில் பெயர்பெற்றது. பயன்பாட்டு நிரலுக்கும் வாயிலை இயக்கும் நிரலுக்கும் இடையே நின்று, வாயிலைத் திறந்தது, வேகத்தை அமைத்தது, எழுதியது, படித்தது ஆகிய ஒவ்வொன்றையும் அது குறித்துவைக்கும். இல்லக் கணினிகளில் இவ்வாயில் அருகிவிட்டது; தொழிற்சாலைப் பொறிகளிலும் ஆய்வுக்கூட நிறைகோல்களிலும் இன்னும் வாழ்கிறது.

ஆயினும் இதனைத் தாள்நாடாவுக்கு நிகரெனச் சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. நாடா கம்பியில் வந்ததை வரைந்தது. மென்பொருளோ கணினி அனுப்பியதாகக் கருதுவதையே எழுதுகிறது. இணைப்பு கழன்றிருந்தாலும் 'அனுப்பினேன்' என்னும் பதிவு இருக்கக்கூடும். 16550 என்னும் சில்லு 16 எழுத்துகள்வரை தேக்கிவைக்க வல்லதாதலால், பதிவிலுள்ள நேரமும் எழுத்து வந்த நேரமன்று. மென்பொருள் அதைப் பெற்ற நேரமே. எனவே வழக்கு முற்றும்போது பொறியாளர் மற்றொரு கணினியைக் கொணர்கின்றனர். போகும் கம்பிக்கு ஒன்று, வரும் கம்பிக்கு ஒன்று என அதன் இரு வாயில்களின் கேட்கும் முனைகளை மட்டும் இணைத்து, பேசாமல் கேட்கவிடுகின்றனர்.