வெறுங்காணி அல்ல, மேய்ச்சல் தரை

மயிலத்தமடு என்று செய்தியில் வரும்போதெல்லாம், "மாடு மேய்க்க வேற இடமே இல்லையோ?" என்று இஞ்ச மொன்றியலில் கனபேர் கேட்கிறார்கள். நான் மட்டக்களப்பான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கட பக்கத்து மாடுகளுக்கு வருசத்தில் இரண்டு இருப்பிடம். மாசி, பங்குனியில் பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிய வயலெல்லாம் அதுகளுக்குத்தான். வெட்டின தாளைத் தின்னும், வயலுக்குச் சாணியும் விழும். புரட்டாதி, ஐப்பசியில் திரும்ப விதைப்பு. எந்தத் திகதிக்கு முதல் மாடுகளை வயலால் அப்புறப்படுத்த வேண்டும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். மறுகா, மேற்கே காட்டோரமாக மயிலத்தமடு, மாதவணைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மாரி வெள்ளத்தில் வயல் மூழ்கும். அங்கே மேட்டுநிலமும் புல்லும் உண்டு.

2010 ஆவணியில் ஏ.எல். சோதினை எழுதிப்போட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம், மாமாவோடு நானும் போனேன். பட்டி என்றால் காட்டுத்தடி நட்டு அலம்பல் அடைச்ச வேலிதான். யானை வந்தால் வேலியாவது ஒண்டாவது! கன்றுகளை இரவில் வேறாக அடைத்தால்தான் விடிய பால் கிடைக்கும். அதுவும் ஒருநேரப் பால். மாட்டில் சுட்ட குறியைத் தூரத்தில் கண்டே எந்தக் குடி, ஆருடைய மாடு என்று மாமா சொல்லுவார். படிச்ச நான் முழிசிக்கொண்டு நின்றேன்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள வழமை இல்லை. என்னோடு பக்டரியில் மொறோக்கோவைச் சேர்ந்த அமாசிக் இனத்தவர் ஒருவர் வேலை செய்கிறார். சாப்பாட்டு நேரத்தில் உடைஞ்ச பிரெஞ்சில் ஆடுமாட்டுக் கதைதான். அவர்களுடைய அற்லஸ் மலையில் ஊக்கைமெதன் என்ற மேய்ச்சல் தரை வழமைப்படி மார்ச் 15 முதல் ஆகஸ்ட் 10 வரை பூட்டு. ஒரு ஆடும் போகக்கூடாது. பூத்து விதை விழுந்தபிறகுதான் திறப்பார்கள். இதற்கு அக்தால் என்று பெயர். அந்த மாதங்களில் பார்க்கிறவனுக்கு அது ஆளில்லாத நிலம்போல் இருக்கும். ஆனால் ஊர் முழுக்க அதைக் காத்துக்கொண்டு இருக்கும்.

எங்கட தரைக்கு வந்த வினை இதுதான். மாட்டுக்குக் குறி உண்டு, தரைக்கு உறுதி இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில், காடாகவும் தரிசாகவும் பயிரில்லாமலும் கிடக்கும் நிலம் முடிக்குரியதாகவே கொள்ளப்படும் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். மண்ணைக் கொத்தினவனுக்கு உரிமை, மேய்த்தவனுக்கு இல்லை! வெள்ளைக்காரன் போனபிறகும் அந்தப் புத்தி போகவில்லை. 1979இல் மகாவலி அதிகாரசபைச் சட்டம் வந்தது. இந்த மேய்ச்சல் தரையும் மகாவலி 'பி' வலயத்துக்குள் அகப்பட்டது. பிறகு வெளிமாவட்டத்தார் வந்து உழுது சோளம் போட்டார்கள். மாடுகள் வெடிபட்டும் வெட்டுப்பட்டும் செத்தன. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் றோட்டோரம் பந்தல் போட்டுக் குந்தினார்கள். வருசம் தாண்டியும் எழும்பவில்லை.

வேற இடம் இல்லையோ என்று கேட்பவர்களுக்கு: வயலில் நெல், கிழக்கே கடல், மேற்கே இப்ப சோளம். போன விதைப்புக்கு முதல் மாமா பாதி மாட்டை இறைச்சிக்கு விற்றுப்போட்டார். மிச்சத்தை எங்கே கொண்டுபோறது என்று ரெலிபோனில் என்னட்டக் கேட்கிறார்.