சாளரத்துப் பெண்ணின் கூற்று: பம்பாய் ஆவணப்படங்களில் பெண் பாலியலும் தணிக்கையும்

முன்னுரை

பெண்ணின் பாலியலைத் திரையில் காட்டுவது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. தமிழ் அகமரபு இதனினும் அடிப்படையான மற்றொரு வினாவை எழுப்பியுள்ளது. பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த இடத்தில் அப்பேச்சு நிகழ்கிறது என்பதே அவ்வினா. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன் ஆகிய மூன்றையும் செய்யுள் உறுப்புகளாகக் கொள்கிறது. கற்பில் கூற்றுக்கு உரியோரை வரையறுக்கும் இடத்தில் பரத்தைக்கும் அவ்வுரிமையை அளிக்கிறது. குறுந்தொகையின் 8ஆம் பாடலாகிய ஆலங்குடி வங்கனார் பாட்டு, காதற்பரத்தை கூற்றாக அமைந்திருப்பது அனைவரும் அறிந்ததே.

சங்ககாலப் பரத்தையையும் இக்காலப் பாலியல் தொழிலாளரையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. பரத்தைக்குக் கூற்று அமைத்தோருள் பெரும்பாலோர் ஆண்பாற் புலவர்களே என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும், கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்று உறுப்புகளும் இந்திய ஆவணப்பட வரலாற்றின் ஒரு பகுதியை விளக்கிக்கொள்ளப் பெரிதும் துணைபுரிகின்றன. 1968ஆம் ஆண்டு பம்பாயில் உருவான ஒரு குறும்படத்தில் தொடங்கி, 2004இல் அதே நகரில் நிகழ்ந்த ஒரு மாற்றுத் திரைப்பட விழா வரையிலான காலத்தையும் அதன் தொடர்ச்சியையும் இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய்கிறது.

நான்கு நகரங்களும் ஒரு தெருவும்

குவாஜா அகமது அப்பாஸ் (1914–1987) பானிபத்தில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த இதழாளர், கதையாசிரியர், இயக்குநர். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முன்னோடிகளுள் ஒருவர். ராஜ் கபூரின் 'ஆவாரா' (1951) படத்தின் திரைக்கதையில் பங்குகொண்டவர். பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றி அவர் இயக்கிய 'ஷெஹர் அவுர் சப்னா' (1963) தேசிய விருது பெற்றது. வணிகத் திரையுலகோடு உறவு இருந்தபோதிலும், தாம் விரும்பிய படங்களைத் தம் சொந்த நிறுவனத்தின் வழியாகவே அவர் எடுத்து வந்தார்.

1968இல் அவர் எடுத்த 'சார் ஷெஹர் ஏக் கஹானி' கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் கறுப்பு வெள்ளை ஆவணப்படம். ஏறத்தாழ 16 நிமிடம் ஓடுவது. மாளிகைகளும் உயர்தர விடுதிகளும் ஒருபுறம்; அவற்றைக் கட்டி எழுப்பிய தொழிலாளரின் குடிசைகள் மறுபுறம். இவற்றிடையே பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியும் சில நிமிடங்கள் இடம்பெற்றது. குறுகிய தெரு, வாயில்களிலும் சாளரங்களிலும் நிற்கும் பெண்கள், கைமாறும் பணம் ஆகியவற்றின் வழியே அத்தெருவின் வாழ்க்கை காட்டப்பட்டது.

இப்படத்தில் பேச்சு இல்லை. தொழிலாளர் வேலையின்போது பாடும் பாட்டும் பின்னணி இசையும் ஒலிகளுமே உண்டு. ஆகவே சாளரத்தில் நின்ற பெண்ணும் பேசவில்லை. அவள் காணப்படுகிறாள், அவளுக்குக் கூற்று இல்லை.

வழக்கும் தீர்ப்பும்

அப்பாஸ் தம் படத்திற்கு அனைவரும் பார்க்கத்தக்க 'யு' சான்றிதழ் கோரினார். வயது வந்தோர் மட்டும் பார்க்கத்தக்க 'ஏ' சான்றிதழே தரவியலும் எனத் தணிக்கைக் குழு கூறியது. மறுஆய்வுக் குழுவும் அம்முடிவையே எடுத்தது. முதன்மைப் படத்திற்கு முன்னதாகக் காட்டப்படுவதே அக்காலத் திரையரங்குகளில் குறும்படத்திற்குக் கிடைத்த வாய்ப்பு. எனவே 'ஏ' சான்றிதழ் பெற்ற குறும்படம் 'யு' படங்களின் காட்சிகளில் இடம்பெற இயலாமல் தன் பார்வையாளரில் பெரும்பகுதியை இழக்க நேரிடும்.

அப்பாஸ் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்தார். சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சியைச் சுருக்கி, சில துண்டுகளை நீக்கினால் 'யு' சான்றிதழ் தரலாம் என்பது 1969இல் அரசு தெரிவித்த நிலைப்பாடு. பெண் சாளரத்தை மூடுவது, முழங்கால் தெரிவது, பணத்தாள் கைமாறுவது ஆகியன நீக்குமாறு சுட்டப்பட்ட துண்டுகள். இம்மூன்றனுள் உடலைக் காட்டுவது ஒன்றே. சாளரம் மூடுதல் அகத்தே நிகழவிருப்பதைக் குறிப்பால் உணர்த்துவது. பணத்தாள் அந்நிகழ்வின் பொருளியலை வெளிப்படுத்துவது. வறுமையால் விளைந்த தொழில் என்று படம் சொல்ல வந்ததற்கு உரிய சான்றே நீக்கப்படவேண்டியதாகக் கருதப்பட்டது எனலாம்.

அப்பாஸ் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு விசாரணையின்போது, வெட்டு எதுவுமின்றி 'யு' சான்றிதழ் வழங்க அரசு முன்வந்தது. அத்துடன் அமைதியடையாத அப்பாஸ், முன்தணிக்கை என்னும் முறையே அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் பேச்சுரிமைக்கு முரணானது என்று வழக்கை விரிவுபடுத்தினார். தலைமை நீதிபதி இதயதுல்லா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1970 செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தது. திரைப்படம் மனவுணர்வைத் தூண்டும் ஆற்றல் மிக்கது. ஆதலால் அதனை முன்தணிக்கைக்கு உட்படுத்துவது நியாயமான கட்டுப்பாடே என்பது தீர்ப்பின் மையம். படம் வெட்டுப்படாமல் வென்றது, கொள்கை தோற்றது. இந்தியாவில் திரைப்பட முன்தணிக்கைக்கு அரசமைப்புச் சட்ட அடிப்படை உறுதிப்பட்ட வழக்கு, பம்பாய்த் தெரு ஒன்றில் நின்ற ஏழைப் பெண்ணின் சில நிமிடக் காட்சியிலிருந்து தோன்றியது என்பது எண்ணத்தக்கது.

எனினும் அத்தீர்ப்பு விதிமுறைகளைக் குறைகூறவும் தயங்கவில்லை. பாலியலும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்றும், கலைநோக்குடைய படைப்பையும் அஃதில்லாததையும் பிரித்தறிய விதிகள் வழிசெய்யவில்லை என்றும் அது சுட்டியது. மிகவும் பலவீனமான பார்வையாளரை அளவுகோலாகக் கொண்டு ஏனையோர் காண்பதை வரையறுத்தல் ஆகாது என்றும் கூறியது. இதே இதயதுல்லா, பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் டி.எச்.லாரன்சின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நூலை விற்றமைக்காகத் தண்டிக்கப்பட்ட ரஞ்சித் உதேசி வழக்கில் (1964) அத்தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பை எழுதியவர். ஆறாண்டுகளுக்குள் அவருடைய அணுகுமுறை நெகிழ்ந்திருப்பதை உணரமுடிகிறது.

ஆனால் அந்நெகிழ்ச்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. கலை பாலியலைக் கையாளலாம் என்பதற்குத் தீர்ப்பு தரும் எடுத்துக்காட்டுகளுள் வால்டேரின் குனிகோண்டும் லுக்ரீசும் இடம்பெறுகின்றனர். இருவரும் வன்முறைக்கு ஆளானவர்களாக ஆண் படைப்பாளரால் சித்திரிக்கப்பட்டோர். துன்புறும் பெண்ணாக, இரக்கத்திற்கு உரியவளாக இருக்கும்வரை அவளுடைய பாலியலைத் திரை ஏற்கலாம் என்னும் கருத்து இங்கு வெளிப்படையாகச் சொல்லப்படாமலே செயற்படுகிறது. அப்பாசின் படமும் இவ்வகையில் வேறுபட்டதன்று. தடுக்க முயன்ற அரசும், எடுத்த கலைஞரும், எடைபோட்ட நீதிமன்றமும் கேட்போரைப் பற்றியே வழக்காடினர். சாளரத்துப் பெண் படத்திலும் பேசவில்லை. வழக்கிலும் ஒரு தரப்பாக இல்லை.

கூற்றுப் பெறுதல்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே நிலை மாறியது. பெண்கள் இயக்கத்தின் எழுச்சி இதற்கு முதற்காரணம். தீபா தன்ராஜின் 'சம்திங் லைக் எ வார்' (1991) அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை விமரிசிக்கும் படம். கருத்தடை முகாம்களின் கொடுமைக்கு எதிர்நிலையில், கூடியமர்ந்த பெண்கள் தம் உடலைப் பற்றியும் விருப்பத்தைப் பற்றியும் தாமே உரையாடும் பகுதிகள் அதில் அமைந்துள்ளன. திட்டத்தின் இலக்காகக் கருதப்பட்ட உடல் இங்கே தன்னைப் பற்றித் தானே பேசுகிறது.

எளிதில் கையாளத்தக்க டிஜிட்டல் ஒளிப்பதிவுக் கருவிகளின் வரவு இரண்டாம் காரணம். பெரிய குழு இன்றி, நெடுநாள் உடனிருந்து, நம்பிக்கையைப் பெற்றுப் படமெடுக்க அவை வழிவகுத்தன. 2002ஆம் ஆண்டு இவ்வகையில் சிறப்புடையது. மும்பையைச் சார்ந்த பிஷாகா தத்தா இயக்கிய 'இன் தி ஃபிளஷ்' பாலியல் தொழிலில் உள்ள மூவரின் வாழ்க்கையை அவர்தம் சொற்களாலேயே விவரிக்கிறது. ஷோகினி கோஷ் இயக்கிய 'டேல்ஸ் ஆஃப் தி நைட் ஃபேரிஸ்' கொல்கத்தாவின் துர்பார் மகிளா சமன்வய சமிதியைச் சேர்ந்த பாலியல் தொழிலாளரைப் பற்றியது. அமைப்பாகத் திரண்டு தொழிலாளர் உரிமை கோருபவர்கள் அவர்கள். அதே ஆண்டில் மும்பையின் பரோமிதா வோரா 'அன்லிமிடெட் கேர்ள்ஸ்' படத்தில் பெண்ணியம் பற்றிய உரையாடல்களை எள்ளலும் விளையாட்டும் கலந்து பதிவுசெய்தார்.

அப்பாசின் தெருவையும் இப்படங்களையும் ஒப்பிடும்போது பெரிய வேறுபாடு இரக்கத்தைப் பற்றியது. இப்படங்களில் பேசுவோர் தம் துன்பத்தை மறைப்பதில்லை. ஆயினும் துன்பமே தம் முழுமை என்று ஏற்பதுமில்லை. நகைக்கிறார்கள், காதலைப் பற்றிப் பேசுகிறார்கள், தம்மை மீட்க வருவோரையே கேள்வி கேட்கிறார்கள். பார்வையாளர் இரங்கிவிட்டு எழுந்து செல்லமுடியாத நிலையை இக்கூற்றுகள் உருவாக்குகின்றன. இதனைப் பெண்ணியவாதிகள் அனைவரும் ஒருமனதாக வரவேற்றனர் எனக் கூறவியலாது. பாலியல் தொழில் என்பது தொழிலா, வன்முறையா என்னும் விவாதம் இயக்கத்தினுள் இன்றளவும் முடிவுறவில்லை. பெண்களை இழிவாகச் சித்திரித்தலைத் தடைசெய்யும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை இயக்கத்தின் ஒரு பகுதியினர் வரவேற்றனர். அரசின் கையில் அளிக்கப்படும் தடையதிகாரம் நாளடைவில் பெண்ணின் சொந்தக் கூற்றின் மீதே பாயும் என்று மற்றொரு பகுதியினர் அஞ்சினர்.

களன்: திரையிடும் இடம்

படம் எடுப்பது எளிதாயிற்று, திரையிடுவது எளிதாகவில்லை. பொதுவிடத்தில் காட்டப்படும் எப்படத்திற்கும் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இருந்தால் மட்டும் களன் உறுதிப்படுமா என்பதும் ஐயத்திற்குரியதே. இரு பெண்களின் காதலைக் கூறிய தீபா மேத்தாவின் 'ஃபயர்' ஆவணப்படமன்று. எனினும் அதன் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. தணிக்கையில் வெட்டின்றித் தேறிய அப்படம், 1998 டிசம்பரில் மும்பைத் திரையரங்குகளில் சிவசேனையினரின் தாக்குதலுக்கு உள்ளானது. படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, 1999இல் திரும்ப வெளியாயிற்று.

ஆவணப்படங்களுக்குரிய களன்களுள் முதன்மையானது, 1990 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவரும் மும்பைப் பன்னாட்டுத் திரைப்பட விழா. அதனை அரசின் திரைப்படப் பிரிவு (1948இல் தொடங்கப்பட்டது, 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது) நடத்திவந்தது. 2004ஆம் ஆண்டு விழாவிற்கு அனுப்பப்படும் இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என 2003இல் விதிக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களுக்கு இவ்விதி இல்லை. நாடெங்கிலும் உள்ள ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததனால் விதி திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் பின்னர் நடந்த தேர்வில் பல படங்கள் விலக்கப்பட்டன. அவற்றுக்கு இடமளிக்க இயக்குநர்கள் தாமே 'விகல்ப்' என்னும் இணைவிழாவை 2004 பிப்ரவரியில் மும்பையில் நடத்தினர். விகல்ப் என்பதற்கு மாற்று என்பது பொருள். அவ்விழா நடந்த பிரபாதேவி, தமிழர் மிகுதியாக வாழும் மாட்டுங்கா, தாராவி ஆகிய பகுதிகளுக்கு நெடுந்தொலைவன்று.

விகல்ப் பெண் பாலியலுக்கென்றே எழுந்த விழா அன்று. 2002ஆம் ஆண்டுக் குஜராத் வன்முறை பற்றிய படங்களே அன்றைய சர்ச்சையில் முன்னின்றன. ஆயினும் சான்றிதழ் என்னும் ஒரே வாயிலை நம்பாமல் களனைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழியை அது உறுதிப்படுத்தியது. கல்லூரிகள், திரைப்படச் சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் ஆகியவற்றின் சிறு திரையிடல்களே பெண்ணின் கூற்றைத் தாங்கிய படங்களுக்கு உரிய களன்களாயின. படம் முடிந்தபின் நிகழும் உரையாடலில் கேட்போரும் கூற்றுக்குரியோர் ஆகின்றனர் என்பது இக்களன்களின் தனித்தன்மை.

தமிழ்ச் சூழல்

இதே ஆண்டுகளில் தமிழ்க் கவிதையிலும் இணையான போராட்டம் நிகழ்ந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) வெளிவந்தபின் பெண் கவிஞர்கள் மீது கடும் தாக்குதல் தொடுக்கப்பட்டது. உடலைப் பற்றி ஆண் கவிஞர் பாடியபோது எழாத எதிர்ப்பு, அவ்வுடலுக்கு உரியவளே பாடியபோது எழுந்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' விகல்ப் நடந்த 2004இலேயே வெளிவந்தது. பூப்பெய்தியபின் வீட்டுக்குள் அடைபட்டு, சாளரத்தின் வழியே உலகைக் கண்டு, மறைவில் எழுதிய அவருடைய வாழ்க்கையைப் பிரித்தானிய இயக்குநர் கிம் லாங்கினாட்டோ 'சல்மா' (2013) என்னும் ஆவணப்படமாக்கினார். சாளரத்தின் இப்புறமிருந்து பெண்ணைக் கண்டது அப்பாசின் கருவி. சாளரத்தின் அப்புறமிருந்தவளே பேசுவது இப்படம்.

முடிவுரை

1968ஆம் ஆண்டுப் படத்தில் கூற்றற்றிருந்த பெண், 2002ஆம் ஆண்டுப் படங்களில் கூற்றுக்குரியவள் ஆனாள். இது படைப்பில் நிகழ்ந்த மாற்றம். சட்டமோ இன்றும் கேட்போரை மட்டுமே கருத்திற்கொண்டு இயங்குகிறது. அப்பாஸ் வழக்கில் எழுந்த கருத்துரைகளின் பயனாக, 1981ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று உருவானது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' 2011இல் அத்தீர்ப்பாயத்தின் வழியாகவே அனுமதி பெற்றது. 2021 ஏப்ரலில் அத்தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. இனிச் சான்றிதழ் மறுக்கப்படும் இயக்குநர் உயர் நீதிமன்றத்தையே நாடவேண்டும். பெருநிறுவனங்களுக்கு இது காலத்தாழ்வு. தனியொருவராகப் படமெடுக்கும் ஆவணப்பட இயக்குநருக்கோ பெரும்பாலும் கைவிடுதலாகவே முடியும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 என வயதுவாரியாகப் பகுத்தது. கேட்போர் மேலும் நுணுக்கமாக வகுக்கப்பட்டனர். படத்தில் பேசும் பெண்ணின் கூற்றுரிமையைக் கருதும் விதி எதுவும் சேர்க்கப்படவில்லை.

பரத்தைக்கும் கூற்று உண்டு என இலக்கணம் வகுத்த மரபில் பயில்வோர்க்கு இக்குறை எளிதில் புலனாகும். ஆவணப்படங்களைக் கூற்று, கேட்போர், களன் என்னும் உறுப்புகளின் அடிப்படையில் ஆராயும் முயற்சி தமிழாய்வில் விரிவடையுமாயின், தணிக்கை பற்றிய பொதுவிவாதத்திற்கும் அது பயன்தரும்.