"சபையில காசில்ல": பேர்மிங்ஹாம் நகரசபையின் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

தெருவிளக்கு எரியவில்லை, வடிகான் அடைத்துக் கிடக்கிறது, குப்பை வண்டி வரவில்லை. கேட்டால் "சபையில காசில்ல" என்ற பதில். நாட்டின் பெரும்பாலான சபைகள் 2023 மார்ச் முதல் 2025 தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் இருந்தன. இப்போது நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் உள்ளே இருக்கிறார்கள். இந்த நேரத்தில், இதைவிட மோசமாகக் கிடந்த ஒரு சபையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் ஒரு தொழிற்சாலை நகரம். அதற்கு 1838இல் நகரசபை கிடைத்தது. 1850களில் அந்தச் சபை "வரியைக் கூட்டாதே, செலவு செய்யாதே" என்ற கூட்டத்தின் கைக்குப் போனது. அவர்கள் ஒரு மதுக்கடையில் கூடித்தான் சபை விடயங்களை முடிவு செய்தார்கள். நகரத்தின் திறமையான பொறியியலாளரை 1857இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். நகரத்தின் கழிவுநீர் டேம் ஆற்றில் கலந்தது. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

படித்தவர்களும் பெரிய முதலாளிகளும் என்ன செய்தார்கள்? "சபை அரசியல் நமக்குச் சரிவராது" என்று ஒதுங்கி நின்றார்கள். சபை கெட்டதால் அவர்கள் ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்கியதால் சபை இன்னும் கெட்டது. இந்த வட்டம் நமக்கும் புதிதல்ல.

மாற்றம் சபைக்குள் இருந்து வரவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அது தேவாலய மேடையில் தொடங்கியது. ஜோர்ஜ் டோசன், ஆர்.டபிள்யூ. டேல் என்ற இரண்டு போதகர்கள், நகரத்துக்குச் சேவை செய்வது மார்க்கக் கடமை என்று வாரா வாரம் பேசினார்கள். சுத்தமான குடிநீரும் வடிகானும் நூலகமும் அவர்கள் பிரசங்கத்தில் வந்தன. நேர்மையானவன் சபைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது குற்றம் என்ற எண்ணம் மெல்ல மெல்லப் பரவியது. 1860களின் இறுதியில் தொழிலதிபர்களும் படித்தவர்களும் தேர்தலில் நிற்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் ஜோசப் சேம்பர்லேன். திருகாணித் தொழிற்சாலை நடத்தியவர். பின்னாளில் ஹிட்லரோடு மியூனிக் உடன்படிக்கை செய்த பிரதமர் நெவில் சேம்பர்லேனின் தந்தை. 1869இல் உறுப்பினரானார், 1873இல் மேயரானார்.

அவரும் "காசில்லை" என்ற பதிலைத்தான் கேட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. அப்போது நகரத்துக்கு விளக்கெரிக்க எரிவாயு வழங்கியவை இரண்டு தனியார் கம்பனிகள். 1875இல் அவற்றைச் சுமார் 20 இலட்சம் பவுணுக்குச் சபை வாங்கியது. சபைக்கு ஏற்கனவே இருந்த கடனைப் போல இது பல மடங்கு. பலர் பயந்தார்கள். ஆனால் முதல் வருடமே 34,000 பவுண் இலாபம் வந்தது. வரியைக் கூட்டாமலே சபைக்குச் சொந்த வருமானம் கிடைத்தது.

அடுத்ததாகத் தண்ணீர்க் கம்பனியையும் வாங்கினார்கள். அதற்கு வேறு ஒரு விதி வைத்தார்கள்: எரிவாயுவில் இலாபம் பார்க்கலாம், தண்ணீரில் பார்க்கக் கூடாது, தண்ணீர் மக்களின் ஆரோக்கியம். எதில் சம்பாதிப்பது, எதில் சம்பாதிக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த சபை அது. 1890இல் ஓர் அமெரிக்க சஞ்சிகை, உலகிலேயே சிறப்பாக நிர்வகிக்கப்படும் நகரம் என்று பேர்மிங்ஹாமைப் புகழ்ந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். நகரத்தின் நடுவில் குடிசைகளை இடித்துப் பெரிய கடைத்தெரு போட்டார்கள். அங்கே இருந்த ஏழைகளுக்கு மாற்று வீடு கட்டிக் கொடுப்பதில் அந்த வேகம் இருக்கவில்லை. சேம்பர்லேனும் பிறகு குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகி, போயர் யுத்தத்துக்குத் துணை நின்றவர். அவரைத் தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. அவர் மேயராகச் செய்த வேலையைப் பார்த்தால் போதும்.

கதை இங்கே முடியவில்லை. அதே பேர்மிங்ஹாம் சபை 2023 செப்டம்பரில், கட்டாயச் செலவுகளைத் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. நடைமுறையில் அது வங்குரோத்து. மத்திய அரசு நிதியைக் குறைத்தது ஒரு காரணம், தோல்வியடைந்த கணினித் திட்டம் இன்னொன்று. மிகப் பெரிய சுமை பழைய அநீதி: ஆண்கள் அதிகம் செய்த குப்பை அள்ளும் வேலைக்குப் போனஸ் கொடுத்த சபை, பெண்கள் அதிகம் செய்த துப்புரவு, சமையல், பராமரிப்பு வேலைகளுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். அதற்காக 100 கோடி பவுணுக்கு மேல் கொடுத்தும் கடன் தீரவில்லை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2025இல் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம் செய்தபோது, உலகமே புகழ்ந்த நகரத்தின் தெருக்களில் ஆயிரக்கணக்கான தொன் குப்பை குவிந்தது.

ஆக, ஒரு சபை எழுவதும் விழுவதும் விதியல்ல. உள்ளே யார் போகிறார்கள், வெளியே இருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நமது பிரதேச சபைக்கு எரிவாயுக் கம்பனி வாங்கும் வசதி இல்லை. ஆனால் சோலை வரி இருக்கிறது, சந்தைக் குத்தகை இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது. எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, பாக்கி வைத்திருப்பவர்கள் சாதாரண மக்களா, செல்வாக்குள்ளவர்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த நாட்டின் எந்தப் பிரஜையும் இதைக் கேட்கலாம். முறையாக எழுதிய ஒரு கடிதம் போதும்.

நம் ஜும்ஆ மிம்பர்களிலும் வருடத்தில் ஒருமுறையாவது வடிகானையும் குப்பையையும் பொதுச் சொத்தின் அமானிதத்தையும் பற்றிப் பேசினால் நல்லது. நல்லவர்கள் ஒதுங்கி இருப்பதைப் பேணுதல் என்று நினைக்கும் வரை, சபையில் காசும் இருக்காது, வேலையும் நடக்காது.

சோலை வரி நிலுவை உள்ளவர்கள் முதலில் அதைக் கட்டிவிடுவோம். கேள்வி கேட்கும் உரிமை அதற்குப் பிறகு இன்னும் உறுதியாகும்.

வஸ்ஸலாம்.