குடிசன மதிப்பில் அகப்படாத கமக்காரன்

பாட்டன் பெயரைக் கேட்டால் எவரும் சொல்வர். பூட்டன் பெயரைச் சிலரே சொல்வர். அதற்கும் அப்பால் கேட்டால், "அந்தக் காலத்து மனிசர், தோட்டஞ் செய்தவை" என்ற விடையோடு பேச்சு நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் புகையிலையும் வரகும் சாமையும் நெல்லும் விளைவித்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சரித்திரம் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றது. பிறநாடுகளிற் பிறந்து வளரும் எமது பிள்ளைகள் இன்று இதையே திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். அவர்களுக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எமக்குண்டு.

இங்கிலாந்தில் வாழும் இளைஞர் ஒருவர் தம் அயல்வீட்டு வெள்ளையரைப் பார்த்து, "இவருடைய பூட்டன் 1841 இல் எந்த வீட்டில் யாருடன் இருந்தார் என்பது ஏட்டில் இருக்கின்றதே, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று வினவுதல் இயல்பு. அந்நாட்டில் 1841 தொடக்கம் வீடு வீடாக எழுதிய பெயர்ப் பட்டியல்கள் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு விடப்படுகின்றன. இலங்கையின் கதை வேறு. 1824 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் ஒரு கணக்கெடுப்பு நடத்தினர். ஆயினும் ஒழுங்கான முறையில் நாடு முழுவதற்கும் எடுத்த முதலாவது குடிசன மதிப்பு 1871 மார்ச் 27 ஆந் திகதி நிகழ்ந்தது. எமது கணக்கிற் சொன்னால் பிரமோதூத வருடம் பங்குனி மாதம். அன்று இலங்கையின் குடிசனத்தொகை 2,400,380. பின்னர் 1881, 1891, 1901 எனப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது தொடர்ந்தது. 1901 ஆம் ஆண்டு மதிப்புக்குத் தலைமை வகித்து, அதன் பெரிய அறிக்கையை எழுதியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அறிவுடையோர் இன்றும் எடுத்துப் படிக்கும் அறிக்கை அது.

இவ்வளவும் இருந்தும் எமது கமக்காரனை அங்கே காண முடியாது. எமக்கு எஞ்சியிருப்பவை அறிக்கைகளும் அட்டவணைகளுமே. மாகாணத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எழுத அறிந்தவர் எத்தனை, கமஞ் செய்து பிழைப்பவர் எத்தனை என்பன உண்டு. யார், எவருடைய மகன், எந்தக் குறிச்சி என்பன இல்லை. எண்ணப்பட்டவன் எண்ணாகவே நின்றுவிட்டான். அந்த எண்ணையும் அப்படியே நம்புதல் கூடாது. வயது கேட்டால் முப்பது, நாற்பது, ஐம்பது என்று பத்துப்பத்தாகச் சொல்வது அக்கால வழக்கம். 1848 ஆம் ஆண்டுத் தெருச் சட்டம் 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய் அல்லது பணங் கட்டு என்று பணித்திருந்தது. அப்படியான காலத்தில், விதானையார் ஏட்டோடு படலையில் வந்து நின்று வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளின் வயதைக் கேட்டால், கமக்காரன் சற்று யோசித்தே விடை சொல்லியிருப்பான் என்பது எம் எண்ணம்.

எங்கள் நிலைமை மட்டும் இப்படி என்று எண்ண வேண்டியதில்லை. அயர்லாந்தில் 1861 முதல் 1891 வரையான நான்கு மதிப்புகளின் பட்டியல்களை அரசே அழித்தது. அதற்கு முந்தியவற்றிற் பெரும்பாலானவை 1922 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஆவணக்காப்பகம் தீப்பற்றியபோது எரிந்தன. ஆயினும் அந்நாட்டார் சோர்ந்திருக்கவில்லை. நிலவரிக்காக எழுதிய மதிப்பேடுகளைக் கொண்டே தம் கமக்கார முன்னோரைக் கண்டுபிடிக்கின்றனர். ஆள் அகப்படாத இடத்தில் காணி அகப்படும்.

யாழ்ப்பாணத்துக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆளுக்குப் பெயர் இருப்பது போல எமது ஊரில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பெயர் உண்டு. ஒல்லாந்தர் எழுதிய தோம்பு முதல் நேற்று நொத்தாரிசு எழுதிய உறுதி வரையும் அப்பெயர் பெரிதும் மாறுவதில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் சாட்சிகளும் இன்றியமையாதவர் ஆயினர். ஆகவே, ஒரு கையெழுத்துத்தானும் போட அறியாத கமக்காரனும், ஆறு பரப்புத் தோட்டத்தை விற்றபோதோ ஈடு வைத்தபோதோ, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் விட்டே சென்றிருக்கின்றான். குடிசன மதிப்புத் தராததை அவனுடைய கடன் எமக்குத் தருகின்றது.

பழைய உறுதி ஒன்றைப் பொறுமையோடு படித்தல் வேண்டும். முதலில் காணியின் பெயரும் பரப்பும் குழியும். அடுத்து அது எப்படி வந்தது என்ற விபரம்: முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா, விலைக்கு வாங்கியதா. முதுசம் என்றால் தகப்பன் வழி ஒன்று பின்னே செல்கின்றது. பின்பு நான்கெல்லை. கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய பெண்சாதியின் காணி என்று வரும். எல்லைக்காரர் பெரும்பாலும் இனத்தவரே. ஒரு வளவு சகோதரரிடையே பிரிந்து பிரிந்து உண்டானவையே அக்காணிகள். இறுதியிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். துலாவில் ஒருவன் மிதிக்க, ஒருவன் பட்டை பிடிக்க, முறைவைத்து இறைத்த கிணறு அது. நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தால், அந்தக் கிணற்றை வெட்டியவனுக்குப்பின் எத்தனை பிரிவு நேர்ந்தது என்பதை விரல்விட்டு ஊகிக்கலாம். ஒரு கிணற்றின் பங்காளர் பெயர்களைச் சேர்த்து எழுதினாற் பெரும்பாலும் ஒரு வமிசாவளியே வெளிப்பட்டுவிடும்.

பெண்வழியைத் தேடுவோருக்குச் சீதன உறுதியைப்போல் உதவுவது வேறொன்றில்லை. அக்காலச் சைவக் குடும்பங்களிற் கலியாணம் ஊர்வழக்கப்படி நிறைவேறியது. எழுத்துப் பதிவை நாடியோர் குறைவு. கலியாணப் பதிவு இல்லையே என்று கையை விரிக்க வேண்டாம். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைப்படி தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும் செல்வது பழைய முறை. ஆகையால் ஒரு காணி தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேர்த்திக்கும் சீதனமாகவே இறங்கி வந்திருக்கும். வேறெந்த ஏட்டிலும் "இன்னாருடைய பெண்சாதி" என்று மட்டுமே நின்ற ஆச்சிமார் இங்கே தத்தம் சொந்தப் பெயரோடு நிற்கின்றனர்.

பெயர்தான் மயக்கந் தரும். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரே முன்னே நிற்கும். மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரை இடுவதால் கந்தனுக்கு மகன் வேலன், வேலனுக்கு மகன் கந்தன் என்று மாறி மாறி வரும். 1850 இல் கண்ட கந்தனும் 1890 இல் கண்ட கந்தனும் ஒருவரா, இருவரா என்ற ஐயம் எழும்போது சாதக ஓலை உதவும். ஆனால் ஓலையில் இருப்பது அறுபது வருடச் சக்கரத்தின் பெயர். பிரமோதூத என்றால் 1810 ஆகலாம், 1870 உம் ஆகலாம். வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் ஏறக்குறைய அறுபது ஆண்டில் முடிவதால் அவ்விரு கிரகங்களையும் பார்த்துப் பயன் அதிகமில்லை. இராகு நின்ற இராசியைப் பார்க்க வேண்டும். பதினெட்டரை ஆண்டுக்கு மேல் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றும் இராகு, அறுபது ஆண்டில் மூன்று இராசியளவு விலகி நிற்பான். ஊர்ச் சாத்திரியார் ஒருவர் ஒரு நாழிகையில் தீர்த்துத் தருவார்.

1867 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறப்பு இறப்புப் பதிவு நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தொடக்க ஆண்டுகளிற் பதியாது விட்டோர் பலர். 1878 ஆம் ஆண்டுத் தானிய வரிச் சட்டம் முதல் 1892 இல் அவ்வரி ஒழியும் வரை வயல்காரர் பெயர்கள் வரி இடாப்புகளில் ஏறின. இடையில் ஒரு பெரிய வெட்டு விழுந்தது. 1866, 1867 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் பேதிநோய் பரவிப் பெருந்தொகையினரைக் கொண்டுபோயிற்று. நான்கு ஆண்டு கழித்து எடுத்த முதலாவது மதிப்பு எஞ்சியவர்களையே எண்ணியது. குடும்பக் கிளையொன்று அறுபதுகளில் திடீரென முறிந்தால், ஊரைவிட்டுப் போனார்கள் என்று முடிவு கட்டுமுன் அந்நோயையும் நினைத்தல் தகும்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உறுதி இருந்தவனுக்கே இதுவரை நாம் வழி சொன்னோம். நிலத்தைக் கொத்தியவர் பலருக்கு நிலமே இல்லை. 1818 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதியும்படி அரசு சட்டஞ் செய்தது. 1844 இற்றான் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது. அந்த மக்களின் முன்னோர் பிறருடைய ஆதனமாக, எசமானின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டுள்ளனர். அவர்களுடைய சந்ததியாரும் கமக்காரக் குடும்பத்தாரே. ஒருவேளை எம்மிலும் மேலான கமக்காரர். தம் வீட்டுப் பழைய உறுதிகளிலும் சாசனங்களிலும் அத்தகைய பெயர்கள் வரக் கண்டால் மறைக்காது பிரதி எடுத்து, கேட்போருக்குக் கொடுத்தல் முறை. வேறோர் இடத்தில் அவர்களுக்கு அப்பெயர் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு தந்த இடைவெளியிலும் பெரிய இடைவெளி எமது காலத்தில் நேர்ந்தது. 1981 இற்குப் பின் வடபகுதி முழுவதையும் அடக்கிய குடிசன மதிப்பு 2012 இலேயே நடந்தது. 2001 ஆம் ஆண்டு எடுத்தது இங்கே நிறைவேறவில்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் வெறிச்சோடியபோது பலர் அரிசிப் பையோடு உறுதிக்கட்டையும் எடுத்துச் சென்றனர். கொண்டுபோனவை சில, செல்லரித்தவை சில, வீட்டோடு அழிந்தவை பல.

எஞ்சிய கட்டு இப்போதும் அலுமாரியின் அடியில் எங்கேனும் இருக்கும். இளைஞர் அதை அவிழ்த்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தல் வேண்டும். பின்பு அப்பு ஆச்சிமாரிடம் காணிப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "பூட்டன் பெயர் என்ன?" என்றால் தெரியாது என்பவர், "புளியடி வளவு யாருடையது?" என்றால் அரைநாள் கதை சொல்வார். அக்கதையை எழுதும்போது சொன்னவர் பெயர், சொன்ன திகதி, அவர் அதை யாரிடம் கேட்டறிந்தார் என்ற மூன்றையும் அதே தாளிற் குறித்துக்கொள்க.