காயில் சிகிச்சையும் அதன் பின்விளைவுகளும்

மூளைத் தமனியின் சுவர் நலிந்த இடத்தில் பைபோலப் புடைப்பது அன்யூரிசம். வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும். தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினம் சுருளால் அந்தப் பையை அடைப்பது காயில் சிகிச்சை. இதன் வரலாற்றை நகர்த்தியவை பெரும்பாலும் நேர்ந்த சிக்கல்களே.

1937இல் அமெரிக்காவின் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து அன்யூரிசத்தின் கழுத்தில் கிளிப் போட்டார். திறக்காமலே நெருங்கலாம் என்று காட்டியவர் மாஸ்கோவின் ஃபியோதர் செர்பினென்கோ; கழற்றிவிடும் பலூன்கள் பற்றிய அவரது கட்டுரை 1974இல் வந்தது. ஆனால் பலூன் பையின் வடிவுக்கு வளைந்துகொடுக்காது. சுவரை அழுத்தி உடைத்துவிடும் அபாயமும் இருந்தது. இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி, மின்சாரத்தால் கழலும் மென்மையான காயிலை லாஸ் ஏஞ்சலிஸில் 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். சரியாக அமையாவிட்டால் கழற்றும் முன் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். உயிர்காத்த நுட்பம் அதுதான்.

2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், வெடித்த அன்யூரிசத்துக்குக் காயில் வைத்தவர்களில் ஓராண்டுக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தவர்களும் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6.

ஆபத்து அதோடு நீங்கவில்லை. சிகிச்சையின்போதே பை வெடிக்கலாம். ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். காயில் நழுவி வேறு தமனிக்குப் போகலாம். ரத்தக்குழாய் சுருங்குவதைக் குடும்பத்தார் காயிலின் மீது சுமத்துவதுண்டு. அது பெரும்பாலும் முதலில் கசிந்த ரத்தத்தின் விளைவு.

பையில் மீண்டும் ரத்தம் புகுவதே காயிலின் நீங்காத குறை. அழுத்தத்தில் காயில் நசுங்கி இடைவெளி விழுகிறது. வலியோ அறிகுறியோ இல்லாமலே இது நடக்கலாம். பிரிட்டனில் 1,644 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்தபோது, ஓராண்டுக்குப் பின் அதே அன்யூரிசம் மறுபடி கசிந்தது காயில் வைத்தவர்களில் 13 பேருக்கு, கிளிப் போட்டவர்களில் 4 பேருக்கு. எண்ணிக்கை சிறியது, ஆனால் ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோ பரிசோதனையைப் பின்னாளில் தவிர்க்கக் கூடாது என்பதற்கு அது போதும். காயிலைத் தாங்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயும் வைத்திருந்தால் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவது ரத்தக்கட்டியை அழைப்பதாகும்.

மும்பையை அடுத்த கல்யாணில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தொடர் கவனிப்பு பயணத்தையும் சேர்த்தது. நரம்பு அறுவைப் பிரிவுகள் உள்ள மும்பை மாநகராட்சியின் சயான் மருத்துவமனையும் பரேலின் கே.இ.எம்.மும் மத்திய ரயில்பாதையை ஒட்டியே இருக்கின்றன. நோயாளி நன்றாக நடமாடத் தொடங்கியபின் அரை நாள் சம்பளத்தை விட்டு லோக்கல் ரயிலில் போவது வீண் என்று தோன்றலாம். ஆனால் காயில் நசுங்கியதை முன்கூட்டிக் கண்டால், இன்னும் சில சுருள்களை நிரப்பியோ 2011 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்த ஓட்டத்தைத் திருப்பும் வலைக்குழாயை வைத்தோ வெடிக்கும் முன் சரிசெய்ய முடியும்.