துறவி தந்த பட்டியல்

147573952589676412927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட எண் இது. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதமின்றி வகுபடாத பகா எண் இது என்று, 1644ஆம் ஆண்டில் பாரிசு நகரத் துறவி ஒருவர் எழுதினார். மெர்சென் என்பது அவர் பெயர்.

எப்படிக் கண்டீர் ஐயா? வழி யாது? விளக்கம் எங்கே? நூலில் விடையில்லை, பட்டியல்தான் இருந்தது. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிட்டும், 257 வரையில் வேறெந்த அடுக்குக்கும் கிட்டாது என்பது அவர் தீர்ப்பு. பதினைந்து, இருபது இலக்க எண்ணொன்று பகா எண்தானா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று ஒப்புக்கொண்டவரும் அவரேதான்! வேடிக்கையல்லவா?

ஆனால் அவரை மூடமதியினர் கூட்டத்தில் சேர்ப்பது நமக்கு அழகன்று. 1633இல் கலிலியோவை மண்டியிடச் செய்தது மதபீடம். மறு ஆண்டே அந்தக் கலிலியோவின் இயந்திரவியலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர் மெர்சென். அறிவைப் பரப்பிய பெரியவர். பெரியவர் சொன்னார் என்பதாலேயே பட்டியலும் நிலைத்தது. அவர் சேர்த்த 31 சரியே என்று 1772இல் ஆய்லர் நிறுவியது, நம்பிக்கையை மேலும் வளர்த்திருக்கும்.

232 ஆண்டுகள் கழிந்தன. 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ், வகுத்துப் பாராமலே எண்ணைச் சோதிக்கும் முறையொன்றைக் கண்டு, 67க்குரிய எண் பகா எண் அன்று என்றார். எந்த எண்ணால் வகுபடும்? அதை அம்முறை சொல்லாது. வீட்டில் கள்வன் உண்டு என்று கூறியது; ஆளைக் காட்டவில்லை.

ஆளைப் பிடித்தவர் அமெரிக்கக் கணிதர் கோல். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதை 134ஆல் வகுத்தால் மீதம் 1 வரவேண்டும் என்பது விதி. தேடும் களம் சுருங்கியது, ஆயினும் கடலே. மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தாராம். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணிதக் கழகத்தார்முன் அவர் வாய் திறக்கவில்லை என்கிறார்கள். கரும்பலகையின் ஒருபுறம் அந்த இருபத்தோரிலக்க எண்ணைக் கணக்கிட்டார். மறுபுறம் 193707721ஐயும் 761838257287ஐயும் எழுதிப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவை கையொலி எழுப்பிற்று. ஐயுறுவோர் இன்றும் பெருக்கிப் பார்க்கலாம். தாளும் எழுதுகோலும் போதும், கோலை நம்பவேண்டியதில்லை.

257க்குரிய எண்ணும் பகு எண்ணே என்று பின்னர்த் தெரிந்தது. துறவி விட்டுவிட்ட 61ஐ 1883இல் காட்டியவர், ருசிய நாட்டுப் பாதிரியார் பெர்வூசின். 89ஐ 1911இலும் 107ஐ 1914இலும் அமெரிக்கர் பவர்ஸ் சேர்த்தார். பதினொரு எண்களே கொண்ட பட்டியலில் ஐந்து பிழைகள்! 257 வரையில் ஒவ்வோர் அடுக்கையும் சோதித்து முடித்தபோது ஆண்டு 1947.